பிளேட்டு பேசும் ஊர்

ஜெபகனிக்கு வேலை, வாசிப்பது. மார்த்தாண்டத்திலிருந்து குழித்துறைக்குப் போகிற சாலையோரம் ஞானசிங் முதலாளி ஒரு பூத்தையல் சாலை நடத்தினார். மேசைவிரிப்பிலும் தலையணை உறையிலும் பூப்போட்டுக் கொழும்புக்கு அனுப்புவார்கள். நீளமான ஓட்டுக் கட்டடம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிக்கு முன்னால் பெண்கள் வரிசையாகக் குனிந்திருப்பார்கள். நடுவில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள் ஜெபகனி. சின்ன வயதில் கிழங்கு அவித்த பானை சரிந்து இடது கை வெந்ததில் விரல்கள் ஒட்டிப்போயின. ஊசி வேலைக்கு அந்தக் கை ஆகாது. ஆனால் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த படிப்பும் கணீரென்ற குரலும் இருந்தன. சபையில் அவள் வேதபாடம் வாசித்ததைக் கேட்டுத்தான் முதலாளியின் மனைவி கூப்பிட்டுவிட்டாள்.

காலையில் ஜெபம், அப்புறம் பத்திரிகை, மதியத்துக்குமேல் ஏதாவது கதை. வாசிப்பு ஒருநாளும் நேராகப் போனதில்லை. திருவிதாங்கூர் முழுக்க நல்ல மழை என்று பத்திரிகை சொன்னால், "நிறுத்து மக்கா, எந்த ஊர்ல மழை? எங்க கிணத்துல வாளி தரையில முட்டுது" என்று ஒரு குரல் வரும். புருஷன் ஏசினான் என்று கதையில் ஒருத்தி ஆற்றில் விழப் போனால், "அவளுக்கு அம்ம வீடு இல்லியா?" என்று இன்னொருத்தி கேட்பாள். அவ்வளவுதான், அவள் போயிருக்க வேண்டிய இடங்களை எல்லாரும் சொல்லி முடிக்கிறவரை புத்தகம் ஜெபகனியின் மடியில் காத்துக் கிடக்கும். முதலில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அந்த நிறுத்தங்களுக்காகவே வாசிக்கத் தொடங்கினாள். குறுக்கே யாரும் பேசாத நாளில் தான் சரியாக வாசிக்கவில்லையோ என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு நடப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் முதலாளி கொழும்பிலிருந்து ஒரு கிராமபோன் வாங்கி வந்தார். பித்தளைப் புனல் வைத்த பெட்டி. கூடவே பாட்டும் பேச்சும் பதிந்த கறுத்த பிளேட்டுகள் ஒரு கட்டு. பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுற்றி நின்றார்கள். புனலுக்குள் ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தவர்களும் உண்டு. முதல் பாட்டு, ஓடம் தள்ளுகிறவன் பாடுவதுபோல் ஒன்று. அப்படியொரு குரலை ஜெபகனி அதுவரை கேட்டதில்லை.

அன்றிலிருந்து அவள் வேலை மாறியது. வாசிக்க வேண்டாம், பெட்டிக்குச் சாவி கொடுக்க வேண்டும், முள் மாற்ற வேண்டும், பிளேட்டைத் திருப்பிப் போட வேண்டும். பாட்டு, பிரசங்கம், நல்லொழுக்கம் சொல்லும் உரையாடல் என்று பிளேட்டுகள் மாறிமாறி ஓடின. பாட்டின் வேகத்தோடு ஊசியும் ஓடியது. முன்னைவிட நிறையப் பூ விழுகிறது என்று, பெண்களை மேற்பார்க்கும் மேட்ரன் தேவகனி அம்மாளுக்குச் சந்தோஷம்.

பேச்சு குறைந்தது ஒரே நாளில் அல்ல. தொடக்கத்தில் பிளேட்டு பேசும்போதும் யாராவது ஏதாவது கேட்டார்கள். அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது. கேட்டவள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டாள். மழைக்காலம் முடிவதற்குள் கேட்கிற பழக்கமே போய்விட்டது. சாப்பாட்டு நேரத்தில்கூட, நல்ல மனைவி யார், எந்தப் பிள்ளை உருப்படும் என்பதையெல்லாம் பிளேட்டு சொன்ன வார்த்தையிலேயே, அதே இழுப்போடு சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு வந்ததுதான் கண் தைலத்தின் பிளேட்டு. முதலாளியின் மைத்துனர் விற்கிற தைலம் அது. முதலில் இனிமையான ஒரு பாட்டு, அப்புறம் ஒரு பெண் குரல்: "சகோதரிகளே, கண் மங்குகிறதா? காலையில் ஒரு துளி, மாலையில் ஒரு துளி." நாள் முழுக்க வெள்ளைத் துணியைப் பார்க்கிறவர்களுக்குக் கண் மங்காமல் இருக்குமா? எல்லாரும் வாங்கினார்கள். பலருக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லதும் ஆகவில்லை. ராகேல் என்கிற இளம்பெண்ணுக்கு மட்டும் ஒரு காலையில் வலது கண் செம்பருத்திப் பூவாகச் சிவந்து, இமை ஒட்டிக்கொண்டது.

ஜெபகனி அவளை வெளியே தண்ணீர்த் தொட்டியருகே கூட்டிப்போய்க் கண்ணைக் கழுவிவிட்டாள்.

"ஏட்டி, எரிஞ்சுதா?"

"மொத நாளே எரிஞ்சுதுக்கா."

"பொறவும் என்னத்துக்கு விட்டே?"

"காலையும் மாலையும் விடணும்னு பிளேட்டு சொல்லிச்சில்லா."

"எரிஞ்சா என்ன செய்யணும்னு கேக்கண்டாமா?"

ராகேல் மற்றக் கண்ணால் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "பிளேட்டுகிட்ட என்னத்தக்கா கேக்க? நாம பேசினா அதுக்குக் கேக்காதில்லா."

இருவரும் பஸ் ஏறி நெய்யூர் ஆசுபத்திரிக்குப் போனார்கள். டாக்டர் தைலத்தை நிறுத்தச் சொன்னார். மருந்து போட்டுக் கட்டிவிட்டார். சிவப்பு போயிற்று. ஆனால் அந்தக் கண்ணில் ஒரு புகை மட்டும் நின்றுவிட்டது. தினமும் அந்தப் பிளேட்டுக்குச் சாவி கொடுத்தது தன் கைதான் என்பதை யாரும் ஜெபகனிக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரமே பெட்டியின் ஸ்பிரிங் அறுந்தது. மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் கடிகாரக்கடை வைத்திருந்த ஆபேலை வரவழைத்தார்கள். அதிகம் பேசாத ஆள். ஒரு கண்ணில் கண்ணாடிக் குழலை இடுக்கிக்கொண்டு வராந்தாவில் பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். உள்ளே ஊசிச் சத்தம்கூடக் கேட்காத மௌனம். தேவகனி அம்மாளுக்கே அது பொறுக்கவில்லை.

"ஜெபகனி, எதையாவது வாசியேன்."

பழைய புத்தகங்களை எல்லாம் கட்டி யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. ஜெபகனி நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் ஒன்றும் இல்லை.

"நமக்குப் பொறவு நூறு வருசம் கழிஞ்சு, ஒரு ஊரு" என்று தொடங்கினாள்.

தொடங்கும்போது அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

"ஊருக்குப் பேரு இல்லியா?" என்று ஒருத்தி கேட்டாள். எவ்வளவோ நாளுக்குப் பிறகு வந்த கேள்வி.

"இருந்துது. பிளேட்டுல அது பதியல்ல. அதனால எல்லாரும் மறந்தாச்சு."

அந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி. எழும்பு என்று அது சொன்னால் எழும்புவார்கள். இன்றைக்குக் கஞ்சி என்றால் கஞ்சி. புருஷனிடம் என்ன பேச வேண்டும் என்பதற்கு ஒரு பிளேட்டு, அவன் திரும்பச் சொல்வதற்கு ஒரு பிளேட்டு. வழியில் இரண்டு பெண்கள் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு கைப்பெட்டியை எடுத்து நீட்டுவார்கள். பெட்டிகள் ஒன்றையொன்று சுகம் விசாரிக்கும். பெண்கள் வாய் திறக்காமல் நின்றுவிட்டுப் போவார்கள். இதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். வராந்தாவில் ஆபேலும் சிரித்த சத்தம் கேட்டது.

மறுநாள் ஜெபகனி சொன்னாள்: "அந்த ஊர்ல ஒரு அம்மைக்குப் பிள்ளை செத்துப்போச்சு. அன்னைக்கு ஊருக்குள்ள சந்தோஷ பிளேட்டாக்கும் ஓடிச்சு. அதனால அவ அழல்ல."

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கதையில் அப்புறம் ஒருநாள் ஊர்ப் பெட்டிகளில் எல்லாம் முள் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டது. 'தண்ணி கோரு, தண்ணி கோரு' என்று பெட்டிகள் அதையே சொல்லிக்கொண்டிருந்தன. ஜனங்கள் கிணற்றடிக்கு ஓடினார்கள். பானை நிறைந்தது, தொட்டி நிறைந்தது, தெருவில் தண்ணீர் ஓடியது. கிணறு வற்றியது. அப்போதும் வாளியை இறக்கிச் சேற்றைக் கோரிக்கொண்டே இருந்தார்கள். அந்த வேளையில் மலையிலிருந்து தேன் விற்க ஒருத்தி வந்தாள். "என்னத்துக்கு இப்படிக் கோருதிய?" என்று கேட்டாள். ஒருவருக்கும் விளங்கவில்லை. 'என்னத்துக்கு' என்கிற சொல் எந்தப் பிளேட்டிலும் இல்லை.

"பொறவு?" என்றாள் ராகேல்.

"பொறவு என்ன ஆச்சுன்னு எனக்கும் அறியாது. நீங்க சொல்லுங்க."

கட்டடம் சந்தையானது. பெட்டிகளை உடைக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. உடைத்தால் அந்த ஜனத்துக்குச் சாப்பிடக்கூடத் தெரியாதே என்றாள் வேறொருத்தி. தேன்காரி அங்கேயே தங்கிப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிக்கொடுக்கட்டும் என்றாள் ராகேல். வராந்தாவிலிருந்து ஆபேல் மெதுவாகச் சொன்னான்: "முள்ள மாத்தினா போதுமே."

"மாத்தலாம்" என்றாள் ஜெபகனி. "மாத்தணும்னு நெனைக்க அந்த ஊர்ல ஒரு ஆளு வேணுமில்லா."

ஆபேல் மறுபடி பெட்டிமேல் குனிந்தான். ஆனால் அறுந்த ஸ்பிரிங்கை மாற்றுகிற அந்தச் சின்ன வேலை ஒரு வாரத்துக்குமேல் இழுத்தது. ஏன் என்று தேவகனி அம்மாள் கேட்டதற்கு, சாமான் கிடைக்கவில்லை என்றான்.

கிராமபோன் மறுபடி ஓடிய அன்று தைலத்தின் பிளேட்டையும் போடச் சொன்னாள் தேவகனி அம்மாள். அந்த இனிய குரல் 'சகோதரிகளே' என்றதும் ராகேல் எழுந்து நின்றாள்.

"அக்கா, அத நிறுத்துங்க."

ஜெபகனியின் கை முள்ளைத் தூக்கியது. ராகேல் மேட்ரனைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டாள்: "அம்மா, நீங்க இந்தத் தைலம் விட்டியளா?"

தேவகனி அம்மாள் கண்ணாடி போட்டவள். முகம் சுருங்கியது. "வேலையப் பாரு" என்றாள். ராகேல் உட்காரவில்லை, பக்கத்தில் இருந்தவளும் எழுந்தாள். அதற்குப் பக்கத்தில் இருந்தவளும். யாரும் சத்தம் போடவில்லை. பதிலுக்காக நின்றார்கள்.

மாலையில் முதலாளி ஜெபகனியைக் கூப்பிட்டார். கோபக்காரர் அல்ல அவர். நாற்காலி போடச் சொன்னார்.

"கதை சொன்னியாமே. நல்லாத்தான் இருக்குன்னு கேள்வி. முடிவ மட்டும் மாத்திச் சொல்லு. பெட்டியச் சரிசெஞ்சாங்க, ஊரு பழையபடி சுகமா இருந்துதுன்னு சொல்லு. பிள்ளைகளுக்குப் பெட்டி மேல வெறுப்பு வரக்கூடாது."

"எனக்கே பெட்டி மேல வெறுப்பில்ல முதலாளி. அந்த ஓடப்பாட்டு கேக்காம எனக்குப் பொழுது போகாது."

"பொறவு என்ன?"

"நான் வாசிக்கும்போ எடையில நிறுத்திக் கேப்பாவ. அது இப்போ இல்ல. அது இல்லாம இருந்தா என்ன ஆகும்னுதான் சொன்னேன். முடிவ மாத்தினா சொன்னதுக்கே அர்த்தமில்ல."

"கேட்டுக்கிட்டே இருந்தா பூ எப்போ போடுவாவ?"

நியாயமான கேள்வி. ஜெபகனி அதை மறுக்கவில்லை. "பூவு கொறையும்" என்றாள். "அது நெசந்தான்."

"பொய் சொல்லத் தெரியாத ஆளா இருக்கே" என்றார் முதலாளி. பிறகு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

அண்ணன் வீட்டில் கிழங்குக்கு மண் அணைத்தும், சபைப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தும் அவள் நாட்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆபேல் தன் தாயாரோடு வந்தான். பெரியவர்கள் பேச வேண்டியதைப் பேசிக்கொண்டிருக்க, அவன் முற்றத்துப் பலாமரத்தடியில் நின்ற ஜெபகனியிடம் வந்தான்.

"அந்த ஊரு முடிவு என்னாச்சு?"

"முடிவு கேக்கவா வந்திய?"

"அதுக்குந்தான்" என்றான்.

அவள் ஒட்டிய விரல்களைச் சேலை மடிப்பில் மறைத்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டு, "அந்தக் கையில பிளேட்டத் திருப்புகது நான் பாத்திருக்கேன். ஒரு கீறல் விழாது" என்றான். அடுத்த மாதம் கல்யாணம் நடந்தது.

தையல் சாலையில், ராகேல் எழுந்து நின்ற அன்றைக்குப் பிறகு தைலப் பிளேட்டு ஓடவில்லை. மதியத்துக்குமேல் கொஞ்ச நேரமாவது வாசிப்பு வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். முடியாது என்றதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு நின்றது. முதலாளி ஒத்துக்கொண்டார். படிக்கத் தெரிந்தவர்கள் முறைவைத்து வாசித்தார்கள். ராகேல் முறை வரும்போது பக்கத்தை இடது கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள்.

ஆபேலின் வற்புறுத்தலால் ஜெபகனி அந்தக் கதையை எழுதினாள். நாகர்கோவில் மாதப் பத்திரிகை ஒன்றில் அது வந்தது. கீழ்ப்படிதலைக் கேலி செய்கிறது என்று ஒரு போதகர் வருத்தப்பட்டார். விக்கிரகத்துக்கு எதிரான கதை என்று இன்னொருவர் பாராட்டினார். இரண்டும் இல்லை என்று அவள் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. "படிச்சவுங்க ரெண்டு விதமா நெனைச்சாங்கன்னா கதை நல்லாத்தான் இருக்கு" என்றான் ஆபேல்.

முப்பத்தெட்டில் மார்த்தாண்டத்தில் ஒரு வியாபாரி ரேடியோ வாங்கிக் கடை வாசலில் வைத்தார். சந்தைக்கு வந்தவர்கள் வட்டம் கட்டி நின்றார்கள். "ஓம் பெட்டி வந்துட்டு பாத்தியா" என்று தெரிந்தவர்கள் ஜெபகனியைச் சீண்டினார்கள். அவளும் போய் நின்று சென்னைக் கச்சேரி ஒன்றைக் கடைசிவரை கேட்டாள். நன்றாயிருந்தது என்றாள். மறுநாள் காலையில், கச்சேரிக்கு முன்னால் சொன்ன செய்தியில் ஒன்று தனக்கு ஒப்பவில்லை என்று ஆபேலிடம் ஆரம்பித்தாள். கடிகாரக்கடைக்கு வந்த இரண்டு பேர் கடிகாரத்தை மறந்துவிட்டு அந்த வாக்குவாதத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

அந்த வருஷமே இரண்டாவது கதையொன்று எழுதத் தொடங்கினாள். மனிதர்கள் செய்கிற கணக்கையெல்லாம் ஒரு சக்கரம் செய்துவிடுகிற நாட்டைப் பற்றியது. பாதி எழுதி ஆபேலுக்கு வாசித்துக் காட்டினாள். சக்கரத்தை இவ்வளவு பொல்லாததாக வைத்தது தப்பு, அதைச் சுற்றிவிட்டு உறங்கப் போனவன்தான் கெட்டவன் என்றான் அவன். ஜெபகனி ஒத்துக்கொள்ளவில்லை. இருவரும் வாரக்கணக்கில் அதைப் பேசினார்கள். சாப்பிடும்போதும், சபைக்கு நடக்கும்போதும் பேசினார்கள். கதை பாதியில் நின்றது. பத்திரிகைக்காரர் ஆளனுப்பிக் கேட்டபோது, "அவரு சொல்லுகதுல கொஞ்சம் சரியிருக்குமோன்னு ஒரு சந்தேகம்" என்றாள். "அது தீரட்டும். பொறவு தாறேன்."