இந்தியா கேட்டில் விட்ட செருப்பு

மே மாத டெல்லித் தார் ரோடு வெறுங்காலில் எப்படிச் சுடும் தெரியுமா? உள்ளங்கால் தோசைக்கல்லில் ஒட்டின மாதிரி இருக்கும். உப்பு அறுத்து அறுத்து மரத்துப்போன கால் என்னுடையது. அந்தக் காலுக்கே கண்ணில் தண்ணீர் வந்தது.

2005. சுனாமி போன கையோடு எங்கள் மரக்காணம் உப்பளத்தில் பாத்தியெல்லாம் சேறு. வேலை இல்லை. வீட்டில் வயசுப் பெண் எதற்கு என்று அப்பா அவசரமாகக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை ஏழுமலை, பிரம்மதேசத்துக்காரர், டெல்லியில் ஆபீஸ் வேலை. அளத்துப் பக்கமே வராத விவசாயக் குடும்பம். என் மாமியார் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "உப்பளத்துக்காரி, இங்க வா"தான்.

டெல்லிக்குப் போன புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னை இந்தியா கேட் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸை விட்டு இறங்கி நடை. எவ்வளவு அகல ரோடு! ரெண்டு பக்கமும் புல்லு, புல்லுக்கு நடுவே நேர்கோடாக ஒரு நீள வாய்க்கால்... உப்பங்கழியிலிருந்து எங்கள் அளத்துக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் மாதிரியே. வெயில் பட்டுத் தண்ணீர் பளபளவென்று மின்னியது. எனக்கு ஊருக்கே வந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிட்டது.

அளத்துக்காரர்களுக்குத்தான் இது புரியும். வரப்பில் செருப்போடு கால் வைத்தால் உப்பு அழுக்காகும் என்று மேஸ்திரி கத்துவார். சின்னதிலிருந்து வந்த பழக்கம். ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வாய்க்கால் கரையோடு நடந்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் செருப்பைக் காணோம். சிவப்புப் பூ வைத்த புதுச் செருப்பு...

"இது என்னா உங்க அப்பன் அளமா? கழட்டி வச்சிட்டு வந்துட்ட?" என்று பல்லைக் கடித்தார்.

அந்த நேரம் பார்த்தா எதிரே அவருடைய சூப்பர்வைசர் குடும்பத்தோடு வரணும்? கையில் ஐஸ்க்ரீம். சூப்பர்வைசர் சம்சாரம் என் பாதத்தை மேலும் கீழும் பார்த்தாள், வெடித்த குதிகாலையும். ஹிந்தியில் என்னவோ கேட்டாள். இவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ரிஷ்தேதார் ஹை."

என்னைப் பற்றி நாலு பேர் எதிரில் அவர் சொன்ன முதல் வார்த்தை. சந்தோஷமாகக் கும்பிட்டேன்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவர் முன்னால் விறுவிறுவென்று போனார். நான் பின்னால், கால் சுடச் சுட. ஆனாலும் மனசுக்குள் அந்த வார்த்தையையே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பொண்டாட்டி என்பதற்கு ஹிந்தியில் எவ்வளவு அழகான வார்த்தை என்று நினைத்தேன்!

அப்புறம் என்ன... பால்காரன், காய்கறி வண்டிக்காரன், மாடி வீட்டு அம்மா, ஒருத்தரையும் விடவில்லை. "மை ஏழுமலை கா ரிஷ்தேதார்." அவர்களும் தலையை ஆட்டினார்கள்.

கீழ்வீட்டில் திண்டிவனத்து ராணியக்கா இருந்தார். ஒருநாள் குழாயடியில் நான் அதைச் சொல்வதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடிப் பைத்தியமே, ரிஷ்தேதார்னா சொந்தக்காரங்கடி. யாருடி உனக்கு இத சொல்லிக் கொடுத்தது?"

"அவருதாங்க்கா... அவங்க ஆபீசர்கிட்ட என்னைப் பத்திச் சொன்னாரு."

ராணியக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார். குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கேட்டேன். "ஏங்க, நான் உங்களுக்கு யாரு?"

டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "செருப்பில்லாம திரியறவள பொண்டாட்டின்னா சொல்ல முடியும்? மானம் போவுது."

மறு வருஷம் பிரசவத்துக்கு ஊரில் கொண்டுவந்து விட்டார். "கொழந்த பொறந்ததும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். வரவில்லை. அங்கேயே இன்னொரு குடும்பம் என்று பிறகு ஊரார் வந்து சொன்னார்கள். இதுவரைக்கும் 'அவர்' என்று எழுதியது பழக்க தோஷம். இனி அவன்தான். நான் திரும்பவும் அளத்தில் இறங்கினேன். அந்தச் சம்பளத்தில்தான் திவ்யாவை வளர்த்தேன்.

திவ்யாவுக்கு இப்போது டெல்லியில் காலேஜ். போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். "அம்மா, இந்தியா கேட் போலாம் வா" என்று ஹாஸ்டல் தோழி ஒருத்தியையும் சேர்த்துக்கொண்டாள். மெட்ரோவில் இறங்கி நடந்தோம். அடையாளமே தெரியவில்லை. ரோட்டுக்குப் பெயரே மாறிவிட்டது. வாய்க்காலுக்குக் குறுக்கே குட்டிக் குட்டிப் பாலங்கள், கரையெல்லாம் வழுவழுக் கல். மகள் வாங்கிக் கொடுத்த ஷூ என் காலில். கழற்றவே இல்லை.

"ம்மா... ஒருத்தர் வர்றாங்க. கோச்சிக்காத" என்றாள் திவ்யா.

ஐஸ்க்ரீம் வண்டி பக்கத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். தலைக்கு டை. தொப்பை. எனக்குத் தெரியாமல் இவள் போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நல்லா இருக்கியா செல்வி?"

வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தோழிப் பெண் ஒன்றும் அறியாமல், இவர் யார் என்று என்னைக் கேட்டாள். "ஆன்ட்டி, யே கௌன் ஹை?"

திவ்யா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ரிஷ்தேதார் ஹை."

இருபது வருஷமாக நாக்கிலேயே வைத்திருந்த வார்த்தை. அவன் தலை தொங்கிவிட்டது. எனக்கு இனிக்கும் என்று நினைத்திருந்தேன். துளியும் இனிக்கவில்லை.

என் கையைப் பிடித்திருந்த திவ்யா கையை விட்டுவிட்டாள்.

திரும்பும்போது அவள் முன்னால் விறுவிறுவென்று போனாள், நான் பின்னால். அன்றைக்குக் கால் சுட்டது, வார்த்தை சுடவில்லை. இன்றைக்குக் காலில் ஷூ இருந்தது.

மெட்ரோ படிக்கட்டில் நின்று திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"உனக்கு அவரு ரிஷ்தேதார். சரிம்மா... எனக்கு யாரு?"