ஞானம்மாள் டீச்சர் வீட்டுக் கைப்பிடிக் கம்பி

எழுபதுகளின் தொடக்கத்தில் சித்தூரில் கரண்டு டிரில் மிஷின் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர் என்று சொல்வார்கள். ஒருவர் பாலையா. மற்றவர் தபீதாளின் புருஷன் தியோடர். திரைக்கம்பி, நிலைக்கண்ணாடி, சுவர் அலமாரி என்று எதை மாட்டவும் ஜனங்கள் தியோடரைத்தான் தேடி வந்தார்கள். வேலை முடிந்ததும் உதிர்ந்த சுண்ணாம்பைப் பெருக்கி அள்ளிவிட்டுத்தான் படியிறங்குவார். தபீதாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் தொழிலைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம், சாயங்காலம் அவர் சட்டையை உதறினால் தூசி பறக்கும் என்பதுதான்.

ஒருநாள் தியோடர் இரும்புத் தகடு ஒன்றில் துளை போட்டார். சின்ன வேலைதானே என்று அதை வைஸ் என்கிற இரும்பு இடுக்கியில் இறுக்காமல் இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். துளை போடும் பிட்டு மறுபக்கம் எட்டிப் பார்க்கிற சமயத்தில் தகட்டைக் கவ்வியது. தகடு விசிறிபோலச் சுழன்று உள்ளங்கையைக் கிழித்து மணிக்கட்டை முறித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவருக்குக் கட்டுப் போட்டவள் தபீதாள்தான்.

அதே ஆஸ்பத்திரியில் ஞானம்மாள் டீச்சரும் படுத்திருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாமல், பாதி ஊருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துத் தனியாகவே வாழ்ந்தவள். பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டது. சுவரோரம் பிடித்து நடக்கக் கம்பியிருந்தால் தன் வீட்டிலேயே இருக்கலாம் என்றார் டாக்டர். இல்லாவிட்டால் தம்பி சத்தியநாதன் வந்து மெட்ராஸுக்குக் கூட்டிப்போய்விடுவார். கம்பி போட்டுத் தருவதாகத் தியோடர் ஒப்புக்கொண்டிருந்தார். இப்போது அவர் கை மாவுக்கட்டில். பாலையாவோ திருப்பதியில் ஒரு சத்திர வேலையில் இருந்தார்.

"அடுத்த வாரம் என்னை அனுப்புறாங்களாம், தபீ. தம்பி வீட்ல மாடிப்படி ஜாஸ்தி," என்றாள் டீச்சர். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலை புருஷனுக்குச் சோறு போடும்போது தபீதாள் சொன்னாள்:

"டீச்சரம்மா வூட்டு வேலைய நான் செய்றேங்க."

"இன்னா சொல்ற? என்னைக் கடிச்சது பத்தாதா?"

"நீங்க பக்கத்துல நின்னுக்கினு சொல்லுங்க. நான் கேட்டுச் செய்றேன்."

தியோடர் அப்புறம் சாப்பிடவில்லை. ஆனால் விடிந்ததும் மிஷின் பெட்டியை அவரே காலால் தள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார்.

"வளையலைக் கழட்டு. முந்தானைய இழுத்துச் செருவு. பின்னல முடிஞ்சிக்கோ. பிட்டு மாத்தும்போது பிளக்கைப் பிடுங்கிடணும். பிட்டை முறுக்குற சாவியச் சக்குல வுட்டுட்டு சுவிட்சப் போடக் கூடாது."

முதல் வேலை இரும்பு. கம்பியைத் தாங்கும் பட்டைகளில் துளை வேண்டும். தபீதாள் ஒரு பட்டையை வைஸில் வைத்து இறுக்கினாள். ஆணியால் புள்ளி குத்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். மிஷின் உறுமியதும் தியோடர் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் விரலை எடுத்தாள். சத்தம் அடங்கியது. வாசலில் அவர் முதுகு தெரிந்தது.

சற்றுக் கழித்து அவரே உள்ளே வந்தார். நல்ல கையால் வைஸை இன்னும் ஒரு சுற்று முறுக்கினார். வேலைக்குப் போடும் தன் கண்ணாடியை எடுத்து அவள் கண்ணுக்கு மாட்டி, காதுக்குப் பின்னால் சரிசெய்தார்.

"மறுபக்கம் வரப்போறப்ப அழுத்தம் குறைச்சிடு, தபீ. அங்கதான் அது கவ்வும்."

அவள் குறைத்தாள். சுருள் சுருளாக இரும்பு வந்தது. துளை விழுந்தது. சுருளை ஊதப் போனவளை, "ஊதாத, கண்ணுல அடிக்கும். கையாலயும் தொடாத, அறுக்கும்," என்று தடுத்துப் பிரஷ்ஷை நீட்டினார்.

டீச்சர் வீட்டில் கதவு நிலை தேக்கு. பின்பக்கம் ஒரு கட்டையை அண்டக் கொடுத்ததால் மரம் சிலும்பாமல் துளை இறங்கியது. சுவர்தான் படுத்தியது. செங்கல்லில் சுலபமாகப் போன பிட்டு ஓரிடத்தில் கல்லைத் தொட்டு நின்றுவிட்டது. தபீதாள் உடம்பின் பாரமெல்லாம் போட்டு அழுத்தினாள். பிட்டு புகைந்தது.

"சண்டை போடாத. அது கல்லு. வெளிய எடு, ஆறட்டும். ஒரு சாண் தள்ளிப் போடலாம். சுவிட்சுக்கு நேரா மட்டும் வேணாம், அங்க ஒயர் ஓடுது."

குளியலறையில் வழுவழு வெள்ளைக் கல் பதித்திருந்தது. பிட்டு வழுக்கி ஓடியது. "பிளாஸ்திரி இருக்குதா?" என்றார். நர்ஸிடம் பிளாஸ்திரி இல்லாமலா? பெருக்கல் குறிபோல ஒட்டி, நடுவில் பிட்டை வைத்து, மெதுவாக விட்டுவிட்டு ஓட்டினாள். ஈரத்தில் கரண்டு அடிக்கும் என்று, முன்னதாகத் தரை காயும்வரை அவளை உள்ளே விட்டிருக்கவேயில்லை தியோடர். கடைசித் துளைக்கு அவசரப்பட்டாள். 'டிக்' என்று கல்லில் முடிபோல ஒரு கீறல் ஓடியது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கு முத வேலைல மூணு கல்லு போச்சு," என்றார் தியோடர். "வா, காபி குடிக்கலாம்."

துளைகளில் மர ஆப்பு அடித்து, திருகாணி முடுக்கி, கம்பி ஏறியது. தியோடர் அதில் தன் பாரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தார். அசையவில்லை.

டீச்சர் வீடு திரும்பிய நாளில் சத்தியநாதனும் வந்திருந்தார். அக்காவைத் தாங்க அவர் நீட்டிய கையை டீச்சர் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்தாள். கால் இழுத்தது. கூடத்தைத் தாண்டி, சமையலறைவரை ஒவ்வோர் அடியாகப் போனாள். உள்ளே அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

"எல்லாரும் உக்காருங்க. காபி நான்தான் போடுவேன்," என்று குரல் வந்தது. சத்தியநாதன் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அன்றைக்கு அவர் தனியாகத்தான் ரயிலேறினார்.

தியோடரின் மணிக்கட்டு கூடிவிட்டது. ஆனால் முழுதும் திரும்பவில்லை. அதனால் தபீதாளுக்கு டூட்டி இல்லாத நாட்களில் இருவருமாக வேலைக்குப் போனார்கள். வெதுருகுப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கரும்பலகை, கங்காதர நெல்லூரில் ஒரு கல்யாண வீட்டுக் கண்ணாடி. வடமாலபேட்டைக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர் ஒருநாள், "பெட்டியில ஏமி உந்தி?" என்று தெலுங்கு கலந்து கேட்டார்.

"மிஷினுங்க," என்றார் தியோடர். "அந்தம்மாவோடது."

தபீதாள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.