மலையேறிய காவடியும் இறங்கிய சாக்கும்

திருத்தணிக்கு நான் போகாத ஆடி கிடையாது. ஆனால் போன வருடம், 1983 ஆடிப் பரணி அன்று போனது சாமிக்காக மட்டுமில்லை. ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டும் என் பாவா, அதாவது அக்கா வீட்டுக்காரர், கை அரிப்பால் இரண்டு வாரமாகத் தறியில் உட்காரவில்லை. விரலிடுக்கு வெடித்து, நூலைத் தொட்டாலே ரத்தக்கறை. சாமிக் குத்தம் என்று வருடா வருடம் பூக்காவடியைப் பெரிசாக்கிக்கொண்டே வந்தார். அரிப்பும் கூடவே பெரிசானது. துணைக்குப் போகும்படி அக்கா சொல்லியனுப்பினாள்.

அரக்கோணத்தில் காலை 6.10 பாசஞ்சர். பதின்மூன்று கிலோமீட்டர், அரை மணி நேரம், டிக்கெட் ஒரு ரூபாய். உட்கார இடம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். எனக்குக் கிடைத்தது ஒரு வாழைத்தாரின் மடி.

சரவணப் பொய்கைக் கரையில் பாவா காவடி கட்டி முடித்திருந்தார். அரளிக்கும் சாமந்திக்கும் நடுவில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ.

"உழாத கரம்புல கொட்டிக்கினு கெடக்குது மச்சான். காசில்லாத பூ."

"சாமிக்கே ஓசியா பாவா?"

முறைத்துவிட்டுக் குளிக்க இறங்கினார்.

நான் சும்மா ஐம்பது படி ஏறினேன். படியோரச் சரிவில் ஒரு பெண் மரச்சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே இருந்த செடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, மலையை அளந்து பட்டா போடப் போறியா?"

சிரித்தாள். காலேஜில் செடி ஆராய்ச்சியாம். அவள் காட்டியது பாவாவின் அதே வெள்ளைப் பூ. பேர் பார்த்தீனியம், நம்மூர்ச் செடி இல்லை. வாடின காவடிப்பூவைக் கொட்டுகிற இடத்தில்தான் அடர்ந்திருக்கிறதாம். அங்கே தும்பையும் புல்லும் காணாமல் போயிருந்தன. "நிறைய பேருக்கு இது பட்டா அரிக்கும்" என்றாள். அவ்வளவுதான், கையோடு கீழே கூட்டிவந்துவிட்டேன். பாவாவின் விரலிடுக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஐயா, அரிப்பு எப்ப அதிகமாகும்?"

"ஆடியில."

"இந்தப் பூவை எப்பப் பறிப்பீங்க?"

"ஆடி பொறந்தா தெனமும், சாமி படத்துக்கு..." பாவாவின் வாய் பாதியில் நின்றது. "அப்ப காவடியில இருந்து இதை எடுத்துடுங்க" என்றாள். அவருக்குக் கோபம் வந்தது. "சாமிக்கினு பறிச்சத பிச்சிப் போட்டா குத்தம் ஆவாதா?"

"அது எனக்குத் தெரியலீங்க. செடியைப் பத்தித்தான் தெரியும். எதுக்கும் டாக்டரைப் பாருங்க."

"பாவா, நூல் புடிக்கத்தான உனுக்கு சாமி கை குடுத்தாரு?" என்றேன்.

காவடித் தண்டை என் பக்கம் தள்ளினார். "நீயே பிரி மச்சான். நான் தொடல."

கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பிரித்தேன். "இங்க போட்டுடாதீங்க, விதை விழும்" என்று அந்தப் பெண் ஒரு சாக்கு கொடுத்தாள். காவடி அரைமொட்டை ஆனது. மொட்டை போடுகிற ஊர்தானே, யாரும் கண்டுகொள்ளவில்லை. கீழே விட்டால் யாராவது கொட்டிவிடுவார்கள் என்று சாக்கையும் நானே தூக்கிக்கொண்டேன். 365 படி, எங்களுக்கு நாற்பது நிமிடம். சந்நிதியில் பாவா எதுவும் வேண்டவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

இறங்கும்போது சாக்கு என் முதுகில். மேலே போன காவடி அவருடையது, கீழே வந்த காவடி என்னுடையது. படியோரச் சரிவில் அவள் வெட்டியிருந்த குழியில் கொட்டி மூடினோம். பக்கத்தில் கயிறு கட்டிய இரண்டு சதுரம். ஒன்றில் அந்தச் செடியை வேரோடு பிடுங்கியிருந்தாள், மற்றதைத் தொடவில்லை. "அடுத்த ஆடிக்கு வந்து பாருங்க" என்றாள்.

இந்த ஆடிக்குப் போனோம். இடையில் டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார், களிம்பும் கொடுத்தார். பாவா அந்தப் பூப்பக்கமே போகவில்லை. கையில் தழும்பு இருக்கிறது, தறி ஓடுகிறது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: எட்டு மணிக்குள் படியேறிவிடுங்கள், பிறகு கல் சுடும். காவடிக்கு அரளியும் சாமந்தியும் போதும். வாடின பூவைச் சரிவில் கொட்டாதீர்கள். அந்த வெள்ளைப் பூவை வெறுங்கையால் பிடுங்கி வீரம் காட்டாதீர்கள், பாவாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் போய்ப் பார்த்தபோது தொடாத சதுரத்தில் செடி இடுப்பளவு. பிடுங்கிய சதுரத்தில் புல், ஒரு சின்ன ஆவாரங்கன்று, நடுவில் தும்பை பூத்திருந்தது. மாசாமாசம் முளைக்கிறதைப் பிடுங்கினாளாம். பாவா சாமிக்கென்று தும்பையைப் பறிக்கக் குனிந்தார்.

"ஐயா, இன்னும் எண்ணி முடிக்கல!"

கையை இழுத்துக்கொண்டார். மலையுச்சியைப் பார்த்துக் கும்பிட்டார். "சாமி, இந்த வருசம் உம் பூ இங்கியே இருக்குது. நீயே பாத்துக்கோ."