நான் மயங்கியதும் வந்த அம்மன்

ஐந்தாவதுவரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணலாக வரும். பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதமாக எனக்குத் தலைசுற்றல். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். மகனிடம் சொன்னேன். "வயசாச்சில்ல, சும்மா படும்மா" என்றான். பெரிய வைத்தியன். விழுப்புரம் ஆஸ்பத்திரி பஸ்ஸில் அரை மணிதான். ஆனாலும் இரண்டாம் தடவை சொல்லக் கூச்சமாக இருந்தது.

திண்டிவனத்து நாத்தனாருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. அதே மாதம் இசிஜி எடுத்ததில் அவள் இதயத்தில் பிளாக் என்று வந்தது. முதல் நிலைதான், மருந்தே வேண்டாம், அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். அவளோ கட்டிலைவிட்டு இறங்கவில்லை. சொந்தமெல்லாம் பழப்பையோடு போய்ப் பார்த்தது. மூச்சு வாங்கிக்கொண்டு நானும் போனேன்.

ஆடியில் கூழ் ஊற்றும் அன்று, பம்பைச் சத்தத்துக்கு நடுவே கோயில் வாசலில் கண் இருட்டி விழுந்தேன். விழித்தால் நெற்றி நிறைய விபூதி, கையில் வேப்பிலை. கூழுக்கு வந்திருந்த நாத்தனார்தான் முதலில் காலில் விழுந்தாள். அன்றைக்கு மட்டும் குனிய முடிந்தது போலிருக்கிறது.

"தாயே, இன்னா கொற வெச்சோம்? வாயத் தொறந்து சொல்லு!"

மகன் கைகட்டி நின்றான். என் வாயை இத்தனை பேர் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்காக விட முடியுமா?

"இவள ஜல்தியா ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போடா!"

"உத்தரவு தாயே!"

பெற்றவள் சொல்லி அசையாதவன், அம்மன் சொன்னதும் காரோடு வந்தான்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் நாடி முப்பத்தாறு, இருக்க வேண்டியதில் பாதிதான். இசிஜியைப் பார்த்த டாக்டரம்மா, "எத்தனை நாளா மயக்கம்?" என்றார்.

"மயக்கமில்லீங்க மேடம், சாமி வந்துச்சு" என்றான் மகன்.

"இதயத்தோட மேல் அறையிலருந்து கிளம்புற கரண்ட் கீழ் அறைக்கு வரவே இல்ல. முழு பிளாக். சாமி வந்ததும் அதனாலதான். பேஸ்மேக்கர் வெச்சே ஆகணும். இன்னும் தள்ளிப்போட்டிருந்தா உயிருக்கே ஆபத்து."

"எங்க அத்தைக்கும் பிளாக்குதாங்க. அவங்களுக்கு ஒண்ணும் வெக்கலியே?"

"அவங்களுக்குக் கரண்ட் கொஞ்சம் லேட்டா வருது, ஆனா வந்துடுது. மயக்கம், தலைசுற்றல் எதுவும் இல்லன்னா பாத்துக்கிட்டா போதும்."

தோளுக்குக் கீழே சின்னக் கருவி வைத்தார்கள். தலைசுற்றல் போயிற்று. பார்க்க வந்த நாத்தனாருக்குத்தான் மனத்தாங்கல்: "எனக்கு மட்டும் ஏன் அண்ணி வெக்கல?"

யாராவது மயங்கி விழுந்தால் வேப்பிலை பறிக்கப் போகுமுன் நாடியைப் பாருங்கள். முதல் நிலை, முழு பிளாக் என்று நான் எழுதியிருப்பது சரிதானா என்று விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். மகனிடம் கொடுத்தால் அவனைப் பற்றிய வரிகளைத்தான் முதலில் அடிப்பான்.