செபுத்தானுக்கு வந்த சாட்சி

சிவப்பு விளக்கை மீறியதாக எனக்குச் சம்மன் வந்தது. நான் மீறவே இல்லை. எங்கள் ஊர் பாக்கார் ஆராங்கில் அந்தச் சிக்னலுக்கு எதிரே முடிவெட்டும் கடை வைத்திருக்கும் முத்து அண்ணன் அதைக் கண்ணால் பார்த்தவர். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றத்தை மறுத்தேன். அடுத்த தேதியை எழுதி, பக்கத்தில் 'செபுத்தான்' என்று போட்டுக் கொடுத்தார்கள். மலாயில் செபுத் என்றால் சொல்வது. சாட்சி சொல்லும் நாள் என்று நானே முடிவுகட்டினேன்.

அண்ணன் கடையைச் சாத்திவிட்டு வந்தார். இரண்டே நிமிடத்தில் வேறு தேதி. மறுபடி செபுத்தான், மறுபடி கடை சாத்தல். மூன்றாம் முறை கோர்ட்டு மொழிபெயர்ப்பாளரிடம் கத்திவிட்டேன்.

"எத்தன தடவக்கா அந்த மனுசன அலைய விடுவீங்க?"

"செபுத்தான்னா சும்மா கேஸக் கூப்பிட்டு தேதி குடுக்கிறது தம்பி. சாட்சி, பிச்சாரா அன்னிக்கு வந்தா போதும்லா."

வெளியே காத்திருந்த அண்ணனிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. விசாரணைக்கென்று கொடுத்த புதுத் தேதியை மட்டும் சொன்னேன்.

பிச்சாரா, அதாவது விசாரணை நாளில் அவரைக் காணோம். போன் போட்டேன்.

"இன்னிக்கும் தேதிதானே குடுப்பாங்க? நீயே வாங்கிட்டு வா தம்பி."

தோற்றேன். ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகலாமா என்று அதே அக்காவைக் கேட்டேன்.

"போலாம். ஆனா இங்க பேசி எழுதினதத்தான் அங்க படிப்பாங்க."

எனக்காக மூன்று முறை கடை சாத்தியவர் பேசியதாக அதில் ஒரு வரிகூட இல்லை.