இரண்டு ராஜாக்களுக்கு நான் கொடுத்த பாஷை

1. முதல் நாள்

டூரிங் டாக்கீஸில் நான் பார்த்த வேலை இப்போது எங்கும் கிடையாது. வெளிநாட்டுப் படம் ஓடும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று கதை சொல்ல வேண்டும். எல்லாருக்கும் நானே குரல். சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோதாகவும் மரியாளாகவும் நான் குரல் மாற்றிப் பேசியதைக் கேட்டுத்தான், தமிழும் மலையாளமும் கலந்த எல்லை ஊரான பாறசாலையில் கொட்டகை போட்டிருந்த முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த நேரம். இந்த ஊர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், கூடாது என்று ஒரு கூட்டம். நாலு பேர் சேர்ந்து நின்றாலே போலீஸ் வந்துவிடும். மைக்குக்கு அனுமதி கேட்டுப் போன முதலாளியிடம், தமிழும் மலையாளமும் பாதிப் பாதி பேச வேண்டும், ஏதாவது கலாட்டா வந்தால் அன்றைக்கே கொட்டகையைப் பிரித்துவிட வேண்டும் என்று ஸ்டேஷனில் சொல்லி அனுப்பினார்கள். அவருக்குப் பிழைப்பே அந்தக் கொட்டகைதான். பக்கத்துக் கோட்டுகால் ஊர்க்காரரான ஏட்டு ஒருவரைக் காவலுக்கு அனுப்பி, மைக்குக்குப் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

படம் பழைய கிரேக்க தேவர்களின் கதை. குறைந்த செலவில் எடுத்தது. கோட்டைச் சுவர் காற்றில் ஆடும். கடல் பூதத்தின் வாலை யாரோ கயிறு கட்டி இழுப்பது தரை டிக்கெட்டுக்கே தெரியும். பிலிம் பெட்டி சாயங்காலம்தான் பஸ்ஸில் வந்து இறங்கியது. அதனால் ஜனங்கள் பார்க்கும்போதுதான் நானும் பார்த்தேன்.

திரையில் இரண்டு ராஜாக்கள் வந்தார்கள். பாதிப் பாதி என்று சொல்லியிருந்தார்களே, ஆளுக்கொரு பாஷை கொடுத்துவிட்டேன். மீசை அரும்பிய இளையவனுக்குத் தமிழ். தாடிக்காரருக்கு மலையாளம். அவர் எனக்கு ஸ்கூலில் மலையாளம் எடுத்த சார் மாதிரி இருந்தார். வேறு காரணம் எதுவும் என் மனசில் இல்லை.

2. இடைவேளைக்குப் பிறகு

தாடிக்கார ராஜா வரிசையாக ஆட்களைப் பிடித்துச் சிறையில் போட்டார். அவ்வளவுதான், தமிழ்ப் பையன்கள் எழுந்து நின்று ஒழிக போட்டார்கள். மறுபக்கத்தில் மலையாளக்காரர்களின் பெஞ்சுகள் உறுமின. ஏட்டு லத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இடைவேளைக்குப் பிறகு கதையே புரண்டது. ராஜாக்கள் இருவரும் அண்ணன் தம்பி; அப்பாவுக்கு விஷம் கொடுத்தவன் அந்த இளையவன்தான். தாடிக்காரர் சிறையில் போட்டதெல்லாம் அவனுடைய கையாட்களை. இப்போது மறுபக்கம் கைதட்டியது. நம் பையன்களில் ஒருவன் நேராக என்னிடம் வந்தான்.

"எலே, நம்ம ராஜாவ எதுக்குலே கெட்டவனாக்குன?"

"நானா ஆக்குனேன்? படம் அப்படியாக்கும்."

"அப்பம் பாஷைய மாத்து."

பயத்தில் மாற்றினேன். தாடிக்காரர் தமிழ் பேசினார், இளையவன் மலையாளம் பேசினான். மறுபக்கம் சண்டைக்கு வந்தது. திரும்பவும் மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் எந்த ராஜா யாரென்று சபைக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முதலாளி கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

3. அம்மை

கடைசி ரீலில் இருவரும் வாளை உருவினார்கள். அப்போது பஞ்சு மேகத்திலிருந்து ஒரு தேவதை இறங்கி நடுவில் வந்து நின்றாள். இருவரையும் பெற்றவள் என்பது அவள் அழுகையிலேயே தெரிந்தது. இவள் எந்தப் பாஷையில் பேசப் போகிறாள் என்றுதான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஏட்டு எழுந்து நின்றுவிட்டார்.

திரையில் வாய் அசைகிறது, என்னிடம் சத்தம் இல்லை. நானும் என் தம்பியும் மல்லுக்கு நின்றால் வீட்டில் என் அம்மை எப்படிப் பேசுவாளோ, அதுதான் கடைசியில் வாயில் வந்தது.

"எனக்க பொன்னு மக்களே, ரெண்டு பேரும் எனக்க வயித்துல கிடந்ததாக்கும். நிங்ஙள் தம்மில் அடிச்சா நான் எங்கோட்டு போவேன்?"

யாரும் ஒழிக போடவில்லை. தரை டிக்கெட்டில் ஒரு பெண்பிள்ளை மூக்கைச் சிந்தினாள். அதன்பின் ராஜாக்கள் இருவரும் படம் முடியும்வரை அதே பேச்சுத்தான் பேசினார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஏட்டு என்னிடம் வந்தார். முகத்தில் கோபம் இல்லை, ஒரே குழப்பம்.

"எடோ, அந்த அம்மை பறஞ்சது தமிழா, மலையாளமா?"

"தெரியாது சார். எனக்க அம்மை அப்படியாக்கும் பேசும்."

"எனக்க அம்மையும் அப்படித்தான்," என்றார். பிறகு, "பாதிப் பாதி உண்டான்னு ஸ்டேஷன்ல கேப்பினும். நான் எந்து சொல்லும்?" என்று என்னிடமே கேட்டார். அவர் ஸ்டேஷனில் என்ன சொன்னாரோ, மறுநாளும் கொட்டகை ஓடியது. முதலாளி என்னைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. பிலிம் பெட்டி எடுக்கப் போகிற ஆளிடம், இனி வரும் படத்தில் அம்மை உண்டா என்று மட்டும் கேட்டு வாங்கச் சொன்னார்.

இப்போது டப்பிங் வேலைக்குப் போகும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டால் ஒன்றுதான் சொல்கிறேன். படத்தை முடிவுவரை பார்க்காமல் யாருக்கும் பாஷை கொடுக்காதே. கொடுத்தபிறகு திருப்பி வாங்க எவனும் விடமாட்டான்.