பொடிக் கெண்டை வித்த ஒரு மாசம்

துடிச்சாதான் சரக்கு, அசையாமப் போனா குப்பை. தூண்டில் இரை விக்கிற தொழில் அவ்வளவுதாங்க. கடை வச்சு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் பேச்சு வாங்குற அத்தனை பேரும் வாங்க, இப்படிப் பக்கத்துல உக்காருங்க. பெங்களூர் ஓரத்துல, சந்தாபுராவுக்கு உள்ள தள்ளி ஒரு தனியார் ஏரி. ஞாயித்துக்கிழமை மட்டும் தூண்டில் போட விடுவாங்க. அங்க இருக்கிற விராலுக்கு உயிருள்ள பொடிக் கெண்டைதான் பிடிக்கும். நான் பிளாஸ்டிக் டப்புல தண்ணி ஊத்தி வச்சு விப்பேன். ஏரியை நடத்துற முனிராஜு எனக்குக் கொடுத்தது ஒரே மாசம். "மீன் கடிக்கலன்னு கம்ப்ளெய்ன்ட் வந்தா உன் எடத்துல தூண்டில்ல மாட்டுற ரப்பர் மீன் கடை வந்துரும், நோடம்மா, பாத்துக்கோ"ன்னுட்டார். வீட்டுக்காரருக்கு முதுகு போனதுல இருந்து இந்த டப்புதான் எங்களுக்குச் சோறு போடுது.

காவேரி மரியாதை

மொத நாளே விளங்கிருச்சு. போர் தண்ணி உப்பு, பாவம் மீனுக்கு எதுக்குன்னு, எங்க தெருவே குடத்தோட வரிசையில நின்னு பிடிக்கிற காவேரித் தண்ணியை வீட்டுல இருந்து சுமந்துட்டு வந்து டப்பு நிறைய ஊத்தினேன். காத்து பம்பு ஓடுது, குமிழ் வருது, நான் பெருமையா நிக்கிறேன். பத்தே நிமிஷம், ஒண்ணொண்ணா மல்லாந்துச்சு. அய்யய்யோன்னு கையை விட்டு அலசுறேன், ஒண்ணுகூட அசையல. குழாய்த் தண்ணியில கலக்குற மருந்து பொடி மீனுக்கு எமன்னு எனக்கு யாரு சொன்னா?

முனிராஜு எட்டிப் பார்த்தார். "ஏனம்மா, அந்தத் தண்ணிக்கு நாங்க லாரி பின்னாடி ஓடுறோம், நீ அதுல மீனைக் குளிப்பாட்டிக் கொல்றியா?"

விடுதலை

ரெண்டாவது ஞாயிறு, எல்லாரும் தூண்டிலைச் சுருட்டுற நேரத்துக்கு, சேலத்துப் பொண்ணு ஒண்ணு, ஐடி கம்பெனியில வேலை, புருஷனோட வந்துச்சு. கெண்டையோட முதுகுல தூண்டில் முள்ளைக் கோத்துக் காட்டினேன். "ஐயோ!"ன்னு காதைப் பொத்திக்கிச்சு. டப்புல இருந்த மொத்தத்தையும் வாங்கி, கரையோரமா ஏரியில விட்டுட்டு, கும்பிடு வேற போட்டுச்சு.

கண்ணை மூடித் தொறக்கல, தண்ணி கலங்கிச்சு. அஞ்சாறு விரால் மேல வந்து டபக்கு டபக்குன்னு முழுங்கிட்டுப் போச்சு. அந்தப் பொண்ணு முகத்துல ரத்தமே இல்ல. எனக்கும் அதிர்ச்சிதான், ஆனா வேற விஷயத்துக்கு. இவ்வளவு விரால் இருந்தும் போன வாரமும் இந்த வாரமும் ஏன் யாருக்கும் மாட்டல? அந்தப் பொண்ணு என்னைப் பார்த்துக் கேட்டுச்சு: "அக்கா, இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

என் பெரிய வாடிக்கையாளர்

மூணாவது ஞாயிறு நாலு பேர் சேர்ந்து முனிராஜுகிட்ட போய், இரை சரியில்லன்னு சொல்லிட்டாங்க. எனக்கு இருந்த ஒரே தெம்பு வரதன் சார். ரிட்டயர் ஆனவர், அல்சூர்ல எங்க பேட்டைக்காரர். ஏரி கேட்டைத் தொறந்ததும் மொத ஆளா இருபது கெண்டை வாங்குவார். மொத வாரம் எல்லாம் செத்தப்போகூட, மறு சரக்கு வர்ற வரைக்கும் காத்திருந்து வாங்கின மனுஷன்.

அன்னைக்கு அவர் மறந்துட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கப் போனேன். அவர் தூண்டில் நரம்பைத் தூக்குறார், நுனியில முள்ளே இல்ல! மெல்லிசா நூல்ல கெண்டையைக் கட்டி விட்டிருக்கார். விரால் இழுத்ததும் நூல் அறுந்துரும். அடப்பாவி மனுஷா! என் சரக்கை என்கிட்டயே வாங்கி, காலங்காத்தால எல்லா விராலுக்கும் விருந்து வச்சு, மத்தியானம் வரைக்கும் பசியே இல்லாமப் பண்ணி, என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டிருக்கார். "ஏன் சார் இப்படி?"ன்னேன். எனக்கு அழுகையே வந்துருச்சு.

அவர் குரலைத் தாழ்த்தினார். இந்த ஏரியில பிடிச்ச மீனை எடை போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயே ஆகணும், அது சட்டம். அவர் வீட்டம்மா சுத்த சைவம், மீனை வாசல்படி ஏத்த விடமாட்டாங்க. அப்புறம் தண்ணியைக் காட்டினார். பெரிய விரால் ஒண்ணு, தலையில வெள்ளைத் தழும்போட, காலடியில வந்து நின்னுச்சு. "அவன் என் ஆளு, நான் வந்தா வந்துருவான்"னார்.

முனிராஜுகிட்ட போட்டுக் கொடுக்க எனக்கு மனசு வரல. ஒரு மாசக் கெடு முடியப் போற விஷயத்தைச் சொன்னேன். "மூணு மணிக்கு எல்லாரும் தூண்டிலைச் சுருட்டிருவாங்க சார், நீங்க அப்புறமா வர முடியுமா?"

"உன் கடை நிக்கும்னா வரேம்மா, இதுல என்ன இருக்கு?"

நாலாவது ஞாயிறு

பசியோட இருந்த விரால் சும்மா விடுமா? காலையில இருந்து ஒரே கூச்சல். கெண்டை போட்டவனுக்கெல்லாம் மாட்டுச்சு. மத்தியானத்துக்குள்ள டப்பு காலி. முனிராஜு சிரிச்சுக்கிட்டே வந்து, வருஷம் பூரா எடம் உனக்குத்தான்னு சொல்லிட்டார். சந்தோஷத்துல எடை மேடைப் பக்கம் போனேன். தட்டுல பெரிய விரால் ஒண்ணு கிடந்துச்சு. தலையில வெள்ளைத் தழும்பு.

நாலு மணிக்கு வரதன் சார் வந்தார். அவருக்குன்னு எடுத்து வச்ச இருபதை வாங்கிட்டுப் போனார். ரொம்ப நேரம் கழிச்சு, பத்தொம்பதைத் தண்ணியில விட்டுட்டு, கடைசிக் கெண்டையைக் கையில பிடிச்சுக்கிட்டே திரும்பி வந்தார்.

"கடை நின்னுச்சாம்மா? ரொம்ப சந்தோஷம். ஆமா, என் ஆளு இன்னைக்கு ஏன் வரல?"

இரையை உயிரோட வச்சிருக்கக் கத்துக்கிட்டேன், இடமும் எனக்கே நிலைச்சிருச்சு. அந்த ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்றதுன்னு மட்டும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவர் வர்ற நாலு மணிக்கு யோசிச்சுக்கிட்டிருக்கேன்.